ரெகுலேட்டரைத் திருகுவதற்கு முன்

கேள்வி:

ஐயா, சின்னமனூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பாவும் நானும் சேர்ந்து இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைக் கட்டி வருகிறோம். மலைக்கு அந்தப் பக்கம் தொடுபுழாவைச் சேர்ந்த சஜி தாமஸ் தன் கையாலேயே செய்த விமானம் 2014இல் மணிமுத்தாறில் பறந்ததைப் படித்தபோது பிடித்த ஆசை இது. இன்னும் பறக்கவில்லை. பட்டறைக்குப் பின்னால் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் கட்டத்தில் இருக்கிறோம்.

செயற்கை அடிவானம் காட்டும் ஹொரைசன், திசை காட்டும் டி.ஜி., வேக்குவம் பம்ப், ஃபில்டர் எல்லாமே பழைய பயிற்சி விமானங்களில் இருந்து கழற்றி விற்றவை. 2,000 ஆர்.பி.எம்.மில் சக்‌ஷன் கேஜ் 3.8 காட்டியது. ரெகுலேட்டர் திருகாணியை முறுக்கி 5க்கு ஏற்றினோம். அப்படியும் ஹொரைசன் நிமிர பத்து நிமிடம் ஆகிறது. நிமிர்ந்த பிறகும் வலது பக்கம் 5 டிகிரி சாய்ந்தே நிற்கிறது. டி.ஜி. கால் மணி நேரத்தில் 12 டிகிரி நகர்ந்துவிடுகிறது. ஹோஸைக் கழற்றினால் உள்ளே கறுப்புத் தூள். பம்ப்பை மாற்றச் சொல்கிறார் சித்தப்பா. எனக்குச் சந்தேகம் ஜைரோக்கள் மேல்தான். பூமி சுற்றுவதால் டி.ஜி. நகரத்தான் செய்யும் என்றும் அவர் சொல்கிறார். அது எவ்வளவு? வேகமானியும் அசையவில்லை, அதுவும் வேக்குவம் கோளாறா?

எல்லா இணைப்புகளுக்கும் டெஃப்லான் டேப் சுற்றியிருக்கிறோம். எஞ்சினை வாரம் தவறாமல் டீசல் அடித்துக் கழுவுகிறோம். அதனால் கசிவோ அழுக்கோ இருக்க வாய்ப்பில்லை.

– வாசகர், சின்னமனூர்

பதில்:

முதலில் ரெகுலேட்டர் திருகாணியை நீங்கள் தொடுவதற்கு முன் இருந்த நிலைக்கே திருப்பி வையுங்கள். வேக்குவம் அமைப்பில் அது கடைசியாகத் தொட வேண்டிய இடம். கோளாறு எங்கே என்று தெரியாமல் அதை முறுக்கினால் கேஜின் முள் மட்டும்தான் சரியாகும்; கோளாறு அப்படியே இருக்கும். பச்சைக் கோட்டுக்குள் நிற்கும் முள்ளைப் பார்த்துவிட்டு ஜைரோக்களை நம்புவது, முள் கீழே கிடப்பதைவிட ஆபத்தானது.

கடிதத்தின் கடைசி மூன்று வரிகளில் கோளாறுக்கான காரணங்கள் சிலவற்றை நீங்களே எழுதிவிட்டீர்கள். அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

காற்று போகும் பாதை

கேபின் காற்று மைய ஃபில்டர் வழியாக உள்ளே வருகிறது. அங்கிருந்து ஹொரைசனுக்கும் டி.ஜி.க்கும் போய், சின்னத் துளைகள் வழியாகச் சீறி, ஜைரோ சக்கரத்தின் விளிம்பில் மோதி அதைச் சுழற்றுகிறது. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுகளுக்கும் மேல். பிறகு கருவியை விட்டு வெளியேறி, ஹோஸ் வழியாக ரெகுலேட்டரைக் கடந்து, பம்ப்புக்குள் புகுந்து வெளியே போகிறது. பம்ப் தேவைக்கு மேல் இழுக்கும்போது ரெகுலேட்டர் தன் வாயைத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விட்டு இழுவையை மட்டுப்படுத்துகிறது. பெரும்பாலான கருவிகளுக்கு 4.5 முதல் 5.5 அங்குலப் பாதரசம் வரை இழுவை வேண்டும். உங்கள் கருவியின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது.

இந்தப் பாதையை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் அறிகுறிகளைப் பார்ப்போம். திருகியதும் முள் 5க்கு ஏறியது என்பது முக்கியமான சாட்சி. பம்ப் முற்றிலும் தேய்ந்திருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் ஏறியிருக்காது. ஆகவே பம்ப்பை உடனே மாற்றத் தேவையில்லை. ஜைரோக்கள் இரண்டும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவதும் அபூர்வம். இரண்டும் சேர்ந்து மந்தமாக இருந்தால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் முதலில் தேட வேண்டும். கேஜ், ஃபில்டர், ஹோஸ், ரெகுலேட்டர் என்ற வரிசையில் போங்கள். சித்தப்பாவின் பம்ப்பும் உங்கள் ஜைரோவும் அதற்குப் பிறகுதான்.

கேஜ் உண்மை பேசுகிறதா?

பழைய கேஜை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது. அதைச் சோதிக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் போதும். ஒரு முனையை வாளித் தண்ணீரில் விட்டு, மறுமுனையைக் கேஜுக்குப் போகும் ஹோஸில் ஒரு டீ இணைப்பு போட்டுச் சேருங்கள். இழுவை ஏறும்போது குழாயில் தண்ணீர் மேலே ஏறும். ஓர் அங்குலப் பாதரசம் என்றால் 34.5 செ.மீ. தண்ணீர். அந்தக் கணக்கில் 4.5க்குத் தண்ணீர் 155 செ.மீ. உயரம் நிற்கும், 5க்கு 173 செ.மீ.; 5.5க்கு 190 செ.மீ. டியூப் எவ்வளவு நீளம், எத்தனை வளைவு என்பதெல்லாம் பொருட்டல்ல. வாளியின் நீர்மட்டத்தில் இருந்து செங்குத்தான உயரம் மட்டுமே கணக்கு. தண்ணீரில் இரண்டு சொட்டு மை விட்டால் மட்டம் தெளிவாகத் தெரியும். டியூபின் உச்சி வாளிக்கு மேல் 3 மீட்டராவது இருக்கட்டும். உச்சிக்கும் டீக்கும் நடுவில் ஒரு காலி பாட்டிலைப் பொறியாக வையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஜைரோவுக்குள் போனாலும் பேரிங் துருப்பிடித்துவிடும்.

கேஜ் 5 காட்டும்போது தண்ணீர் 140 செ.மீ.தான் நிற்கிறதென்றால் ஜைரோவுக்குக் கிடைப்பது 4 மட்டுமே. பாதிக் கோளாறு கேஜிலேயே முடிந்துவிடலாம்.

எஞ்சினை ஓட்டாமல் ஒரு சோதனை

சுழலும் புரொப்பெல்லருக்கு அருகில் நின்றுகொண்டு ஹோஸ் ஆராய்ச்சி செய்ய வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கம் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர்களிடம் கறவை மிஷின் இருக்கும். அதுவும் வேக்குவம் பம்ப்பில் ஓடுவதுதான். அதை ஒரு மதியம் இரவல் கேளுங்கள். ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் இதற்கு உதவாது. அது ஆழமாக இழுக்கும், ஆனால் ஜைரோவைச் சுழற்றும் அளவுக்குக் காற்று ஓட்டம் தராது.

ஓர் எச்சரிக்கை. கறவை மிஷின் வழக்கமாக 13 அங்குலப் பாதரசம் அளவுக்கு இழுக்கும். அதை நேராக மாட்டினால் உங்கள் டியூப் லெவலின் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு கருவிக்குள்ளேயே போய்விடும். ஜைரோவும் வரம்பு மீறிச் சுழலும். ஆகவே நடுவில் ஒரு டீ போட்டு, அதில் ஒரு பந்து வால்வை முழுவதும் திறந்து வைத்துத் தொடங்குங்கள். மிஷினை ஓட விட்டு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, தண்ணீர் 173 செ.மீ.க்கு வந்ததும் நிறுத்துங்கள்.

ஜைரோக்களில் இருந்து வரும் ஹோஸை ரெகுலேட்டர் வாயில் கழற்றி இந்த இழுவையில் சேருங்கள். இப்போது பம்ப்பும் ரெகுலேட்டரும் கணக்கில் இல்லை. இந்த நிலையில் ஹொரைசன் ஐந்து நிமிடத்துக்குள் நிமிர்ந்து, டி.ஜி.யும் நிலையாக நின்றால் கருவிகள் நல்லவை; கோளாறு எஞ்சின் பக்கத்தில் இருக்கிறது. அப்போதும் மந்தமாகவே இருந்தால் ஃபில்டர், ஹோஸ், ஜைரோ இந்த மூன்றில் ஒன்று. அமைப்பைப் பாதியாகப் பிரித்து, எந்தப் பாதியில் கோளாறு என்று கண்டுபிடிப்பதுதான் இந்தச் சோதனையின் பயன்.

ஃபில்டர்

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த முதல் சந்தேகம் இதன் மேல்தான். பழைய விமானத்தில் இருந்து வந்த ஃபில்டரை அப்படியே மாட்டியிருக்கிறீர்கள். லேத் பட்டறைத் தூசி, வெட்டிய இரும்பின் நுண்துகள், வெல்டிங் புகை எல்லாம் அதில்தான் போய்ச் சேரும். பீடி, சிகரெட் புகையின் பிசின் ஜைரோக்களுக்கு நீண்டகால எதிரி. கேபினுக்குள் யாரும் புகைக்க வேண்டாம்.

அடைபட்ட ஃபில்டரில் ஒரு சூது உண்டு. கேஜின் ஒரு பக்கம் கேபின் காற்றுக்குத் திறந்திருந்தால், ஃபில்டர் அடைத்திருந்தாலும் கேஜ் அழகாக 5 காட்டும். ஜைரோவின் இரண்டு பக்கங்களுக்கும் இடையே மட்டும் அந்த 5 இருக்காது. ஃபில்டர் தன் பங்கைத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் கொடுக்கும். 5 காட்டியும் ஹொரைசன் பத்து நிமிடம் எடுப்பதற்கு இது சரியாகப் பொருந்துகிறது. டியூப் லெவலை ஃபில்டருக்கும் கருவிக்கும் நடுவில் சேர்த்துப் பாருங்கள். நல்ல ஃபில்டரில் தண்ணீர் கொஞ்சம்தான் ஏறும். 30 செ.மீ. ஏறினால் ஜைரோவுக்குப் போக வேண்டியதில் ஏறக்குறைய 0.9 அங்குலத்தை ஃபில்டர் விழுங்குகிறது என்று பொருள். அதைத் தட்டி ஊதிக் காப்பாற்ற நினைக்காதீர்கள். காற்றடித்தால் தூசி உள்பக்கம் போய்விடும். புதிது வாங்குங்கள், ஆண்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது நல்லது.

ரெகுலேட்டரைச் சுற்றி இன்னொரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருக்கும். அது அடைத்தால் நேர்மாறாக நடக்கும்: வெளிக்காற்று உள்ளே வர வழியில்லாமல் இழுவை ஏறிக்கொண்டே போகும். மைய ஃபில்டர் அடைத்தால் ஜைரோ பட்டினி. ரெகுலேட்டர் ஃபில்டர் அடைத்தால் ஜைரோவுக்கு அளவுக்கு மீறிய தீனி.

டெஃப்லான் டேப்பும் கசிவும்

குழாய் வேலைக்கு நல்ல டேப் இந்த வேலைக்கு ஆகாது. மரையில் சுற்றிய டேப்பின் நார் பிய்ந்து காற்றோடு போய் ரெகுலேட்டர் வாயில் ஒட்டும்; பம்ப்புக்குள் போனால் கார்பன் தகடுகளைச் சிக்க வைக்கும். பம்ப் தயாரிப்பாளர்கள் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறார்கள். எல்லா இணைப்புகளையும் பிரித்து, டேப்பைத் துளி விடாமல் எடுத்துவிட்டு, உலர்ந்த மரையாகவே மாட்டுங்கள்.

கசிவு பார்க்க சோப்பு நுரை போடாதீர்கள். இழுவை உள்ள குழாயில் நுரை குமிழி விடாது, உள்ளே போகும். அதற்குப் பதில் ஃபில்டரின் வாயை அடைத்து, கறவை மிஷினால் மெல்ல இழுத்து, தண்ணீர் 100 செ.மீ. வந்ததும் மிஷின் பக்க ஹோஸைக் கிளாம்ப் போட்டு மூடுங்கள். மட்டம் மெல்ல இறங்கினால் பரவாயில்லை. கருவியின் உறைகளில் சிறு கசிவு இருக்கும். மளமளவென்று இறங்கினால் ஒவ்வொரு ஹோஸாகக் கிளாம்ப் போட்டுக்கொண்டே போங்கள். எந்தக் கிளாம்ப்பில் இறங்குவது நிற்கிறதோ, அதற்கு அப்பால்தான் ஓட்டை.

பழைய ரப்பர் ஹோஸ் இன்னொரு வேலையும் செய்யும். குளிர்ந்திருக்கும்போது உருண்டையாக நிற்கும்; எஞ்சின் சூட்டில் இளகியதும் வளைவில் உள்வாங்கி மூடிக்கொள்ளும். காலையில் சரியாக இருந்து எஞ்சின் சூடானதும் கேஜ் இறங்குகிறதென்றால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கறுப்புத் தூளும் டீசலும்

கறுப்புத் தூள் பம்ப்பின் கார்பன் தகடுகளில் இருந்து வந்தது. இது உலர் வகைப் பம்ப். அதற்கு எண்ணெய் கிடையாது, தேயும் கார்பனே மசகு. அந்தத் தேய்மானத் தூள் சாதாரணமாகப் பம்ப்பின் வெளியேற்றக் குழாய் வழியே போய்விடும். பம்ப்புக்கும் கருவிக்கும் நடுவே உள்ள ஹோஸில் இருக்கிறது என்றால் அதற்கு வேறு காரணம்: எப்போதோ ஒரு பம்ப் உடைந்திருக்கிறது. உடையும் நொடியில் காற்று பின்னோக்கிப் பாய்ந்து துகள்களை ஹோஸுக்குள் தள்ளியிருக்கும். அந்தத் துகள் ஒன்று ரெகுலேட்டர் வாயில் சிக்கி அதைச் சரியாக மூட விடாமல் வைத்திருந்தால், முதலில் நீங்கள் பார்த்த 3.8க்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஆகவே ஹோஸ்களை மாற்றுங்கள். ரெகுலேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்ய அனுமதிக்கும் வகையா என்று கையேட்டில் பாருங்கள். இல்லையென்றால் அதையும் மாற்றுங்கள். இதைச் செய்யாமல் புதுப் பம்ப் வாங்கினால் பழைய பம்ப்பின் துகள்களே புதியதைக் கொன்றுவிடும்.

டீசல் கழுவலை இன்றோடு நிறுத்துங்கள். டீசலும் எண்ணெயும் கார்பன் தூளோடு சேர்ந்து பசையாகி, தகடுகளை அவற்றின் பள்ளத்திலேயே ஒட்டிவிடும். எஞ்சினைக் கழுவியே ஆக வேண்டுமானால் பம்ப்பை பாலித்தீனால் இறுக மூடிக் கட்டிவிட்டுக் கழுவுங்கள். பம்ப்பின் கேஸ்கெட் பக்கம் எஞ்சின் எண்ணெய் கசிகிறதா என்றும் பாருங்கள்.

வேறொரு விமானத்தில் இருந்து வந்த பம்ப் என்பதால் இன்னொன்று. இவ்வகைப் பம்ப்புகள் பலவும் ஒரே திசையில் சுழலவே செய்யப்பட்டவை. பெயர்ப் பலகையில் திசை குறித்திருக்கும். உங்கள் எஞ்சினின் பம்ப் பொருத்தும் இடம் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்த்து ஒப்பிடுங்கள். மாறி இருந்தால் தகடுகள் விரைவில் நொறுங்கும். பம்ப்பை ஓட்டும் இணைப்பு ஒரு பலவீனமான துண்டு. பம்ப் சிக்கினால் அது முதலில் உடைந்து எஞ்சின் கியரைக் காப்பாற்ற வேண்டும். லேத் இருக்கிறதே என்று அதை இரும்பில் கடைந்து போட்டுவிடாதீர்கள்.

எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரியாத பம்ப்போடு முதல் பறத்தலுக்குப் போகக் கூடாது. இவ்வகைப் பம்ப் பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமலே நிற்கும். அந்த வகையில் சித்தப்பா சொல்வது சரி. வரிசைதான் மாற வேண்டும்.

சாய்ந்து நிற்கும் ஹொரைசன்

ஹொரைசனைச் சோதிக்கும்போது மலையைப் பார்க்காதீர்கள். சின்னமனூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைச்சரிவு. கிழக்கே மேகமலை, மேற்கே ஏலமலை. கண் மலையின் சரிந்த விளிம்பையே அடிவானமாக எடுத்துக்கொள்ளும். விமானத்தின் தரைச் சட்டத்தில் ரசமட்டம் வைத்து, சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்து, இறக்கைகளை மட்டமாக்குங்கள். பிறகு ரசமட்டத்தைப் பேனலின் மேல் வையுங்கள். கருவி அதன் துளையில் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்திருந்தாலோ, பேனலே சாய்ந்திருந்தாலோ 5 டிகிரி அங்கேயே வந்துவிடும். சில ஹொரைசன்கள் முன்னால் சாய்ந்த பேனலுக்கென்று செய்யப்பட்டவை. நேரான பேனலில் மாட்டினால் மூக்கு மேலேயோ கீழேயோ இருப்பதாகக் காட்டும். பின்சக்கர விமானமாக இருந்தால் தரையில் மூக்கு தூக்கியதாகக் காட்டுவதே சரி.

பொருத்தியதில் பிழை இல்லை, இழுவையும் சரி, அப்படியும் 5 டிகிரி சாய்கிறதென்றால் ஹொரைசனை நிமிர்த்தும் உள் அமைப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போய்விட்டது. எஞ்சினை அணைத்ததும் காதைக் கொடுத்துக் கேளுங்கள். நல்ல ஜைரோ பல நிமிடம் சீராக ரீங்கரித்து ஓயும். அரைக்கும் சத்தம் வந்தாலோ, பட்டென்று நின்றாலோ பேரிங்கை மாற்ற வேண்டும். அந்த வேலை அங்கீகாரம் பெற்ற கருவிக் கூடத்துக்கு உரியது. லேத் பட்டறையில் செய்ய முடியாது. அங்கே அனுப்பும்போது பஸ் மேற்கூரையில் போடாதீர்கள். ஜைரோ பேரிங்கைச் சாலைக் குலுக்கலே கொன்றுவிடும்.

சரிசெய்த பிறகு தரையில் ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் நிமிர வேண்டும். தரையில் திரும்பும்போது 5 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் அந்தக் கருவியை நம்பக் கூடாது.

டி.ஜி.யும் பூமியின் சுழற்சியும்

சித்தப்பா சொல்வது உண்மை, அளவுதான் பொருந்தவில்லை. பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. அதில் டி.ஜி.யில் தெரியும் பங்கு நீங்கள் இருக்கும் அட்சரேகையைப் பொறுத்தது. லண்டனில் மணிக்குக் கிட்டத்தட்ட 12 டிகிரி; கால் மணி நேரத்துக்கு 3 டிகிரி. சின்னமனூர் ஏறக்குறைய 10 டிகிரி வடக்கில் இருக்கிறது. இங்கே மணிக்கு 2.6 டிகிரிதான், கால் மணி நேரத்துக்கு ஒரு டிகிரிகூட இல்லை. நல்ல டி.ஜி.க்குக் கால் மணி நேரத்தில் 3 டிகிரி வரை நகர அனுமதி உண்டு. உங்களுடையது 12. பூமியின் மேல் பழி போட இடமே இல்லை. ஃபில்டரும் இழுவையும் சரியான பிறகும் நகர்ந்தால் பேரிங்தான்.

டி.ஜி. தானாக வடக்கை அறியாது. காந்தத் திசைகாட்டியைப் பார்த்து நாம்தான் அதை வைக்க வேண்டும். இதில் நம் பகுதிக்கு ஒரு வசதி இருக்கிறது. காந்த நடுக்கோடு நம் தெற்கு முனைக்கு அருகில் போகிறது. தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவியதற்கும் அந்த அருகாமையே காரணம். வடக்கு நாடுகளில் திசைகாட்டியின் முள் பூமிக்குள் குனிந்து இழுப்பதால் திருப்பத்திலும் வேக மாற்றத்திலும் பொய் சொல்லும். இங்கே அந்தக் குனிவு மிகக் குறைவு. ஆகவே அந்தப் பொய்யும் குறைவு. ஆனால் பட்டறையின் இரும்பு ஷட்டருக்கும் லேத்துக்கும் பக்கத்தில் வைத்துத் திசை பார்த்தால் எந்த நாட்டிலும் தவறாகத்தான் காட்டும். வெட்ட வெளிக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

வேகமானி

வேகமானிக்கும் வேக்குவத்துக்கும் சம்பந்தமில்லை. வேகமானி, உயரமானி, ஏற்ற இறக்கமானி மூன்றும் பிட்டோ குழாய், ஸ்டாட்டிக் துளை வழியாக வெளிக்காற்றின் அழுத்தத்தை உணர்பவை. பிட்டோ இறக்கையில், புரொப்பெல்லர் காற்றுக்கு எட்டாத இடத்தில் இருந்தால், நின்ற இடத்தில் எஞ்சின் ஓட்டும்போது முள் அசையாமல் இருப்பதே சரி. குழாயில் வாய் வைத்து ஊதாதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய தகடு பிய்ந்துவிடும். குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விமானம் நிற்கும் நேரமெல்லாம் பிட்டோவுக்கு உறை போட்டு, அதில் சிவப்புத் துணி கட்டித் தொங்கவிடுங்கள்.

இந்தக் கருவிகள் உங்களுக்குத் தேவையா?

செயற்கை அடிவானமும் திசை ஜைரோவும் எதற்காகப் பிறந்தன என்று நினைத்துப் பாருங்கள். 1929 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில் மூடிய காக்பிட்டில் கருவிகளை மட்டும் பார்த்து ஏறி, சுற்றி, இறங்கினார். மேகத்துக்குள் காது தரும் சமநிலை உணர்வு பொய்யாகிவிடும் என்பதால் வந்தவை இவை. 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகம் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாத நிலைக்கு உட்படுத்தியது. அவர்கள் விமானத்தின் கட்டுப்பாட்டை இழக்க எடுத்த சராசரி நேரம் 178 நொடி.

இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. பம்ப் நின்றதும் ஜைரோ உடனே விழாது. வேகம் குறையும் பம்பரம்போல மெல்லத்தான் தள்ளாடிச் சாயும். விமானி அந்தச் சாய்வை உண்மை என்று நம்பி விமானத்தை அதன் போக்கில் திருப்புவார். 2000 அக்டோபரில் மிசௌரி ஆளுநர் மெல் கார்னஹன் இறந்த விபத்தில் வேக்குவம் பம்ப்புகள் மேல்தான் சந்தேகம் எழுந்தது. ஆனால் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், விமானி திசை நிலை தடுமாறியதே காரணம் என்றது. முதன்மை ஹொரைசன் வேலை செய்யாமல் போனதும் கொந்தளித்த வானிலையும் அதற்குத் துணை போயின என்றது. பம்ப் ஓடினாலும் கருவி தனியே கெடலாம் என்பதை இதில் இருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பள்ளத்தாக்கில் தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் கூடலூர், கம்பம் வழியாக அடிக்கும் காற்று உங்களுக்குத் தெரியாததல்ல. அதை நம்பித்தான் மாவட்டத்தில் காற்றாலைகளே நிற்கின்றன. மேகமலையில் மேகம் இறங்கினால் நிமிடங்களில் மலை மறைந்துவிடும். இரண்டு பேர் உட்காரும் வீட்டு விமானத்தில் அதற்குள் நுழைவதற்கு எந்தக் கருவியும் உரிமம் தராது.

ஆகவே என் தீர்ப்பு இது. பகலில், தெளிந்த வானில், கண்ணால் பார்த்து ஓட்டும் விமானத்துக்கு வேகமானி, உயரமானி, காந்தத் திசைகாட்டி, சறுக்கல் காட்டும் பந்து, எஞ்சின் கேஜ்கள் போதும். அடிவானம் வேண்டும் என்றால் தனி பேட்டரியோடு வரும் மின்னணு வகை ஒன்றை வாங்குங்கள். பம்ப், ஹோஸ், ரெகுலேட்டர், ஃபில்டர் எல்லாவற்றின் எடையும் மிச்சம். பழைய வேக்குவம் அமைப்பையே வைத்துக்கொள்ளப் பிடிவாதமாக இருந்தால், மின்சாரத்தில் ஓடும் திருப்பக் காட்டி ஒன்றும், இழுவை குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கும் கட்டாயம் இருக்க வேண்டும். சரியாகும் வரை ஹொரைசனின் முகத்தைக் காகிதம் ஒட்டி மூடுங்கள். பொய் சொல்லும் கருவியைவிட மூடிய கருவி நல்லது.

கடைசியாக, அனுமதி. மும்பை காந்திவலியில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவ், 2016இல் அதைக் காட்சிக்கு வைத்தார். பதிவு எண் கிடைத்தது 2017இல். பறந்து பார்க்க அனுமதி கிடைத்தது 2019இல். நீங்களும் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.வுக்கு இப்போதே எழுதிவிடுங்கள். இன்று முதல் ஒவ்வொரு சோதனையையும் தேதி, ஆர்.பி.எம்., தண்ணீர் மட்டம், கேஜ் அளவு என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஆய்வுக்கு வருபவர் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான். அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை சக்கரம் தரையை விட்டு எழும்பக் கூடாது. பட்டறைக்குப் பின்னால் ஒரு சின்னத் துள்ளலாகக்கூட.